புள்ளி ஏன் நகர்கிறது

அவைக்கு நடுநாயகமாக வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, நான் குறித்த நேரத்தில் முடிப்பேனா என்று இப்போதே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, சாக்பீஸ் தூசியை என்னோடு பங்கிட்டுச் சுவாசித்த ஆசிரியத் தோழர்களே, அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தந்தையரே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, பரிசு வாங்கக் காத்திருக்கும் முன்வரிசைச் செல்வங்களே, பரிசு இல்லை என்று தெரிந்தும் வந்திருக்கும் பின்வரிசைச் செல்வங்களே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கணக்கு டீச்சரின் பணிவான வணக்கம்.

எனக்குப் பின்னால் பாருங்கள். ஆளுயர எழுத்தில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை என்பதற்காக என்னைப் பேச அழைத்தார்கள். பெருமையாகப் பேசுங்கள் டீச்சர் என்றார்கள். பேசலாம். பெருமையாகப் பேச எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே பேசினேன். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது பெருமையைப் பற்றி அல்ல, பயத்தைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். கணக்கு என்றாலே பயம்தானே என்று அங்கே ஓர் அப்பா சொல்வது காதில் விழுகிறது. அது மாணவனுக்கு வரும் பயம் ஐயா. நான் சொல்வது ஆசிரியைக்கு வந்த பயம். அது சாதாரணப் பயமா? சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு தொண்டையில் இறங்குகிற பயம். பேருந்தில் ஏறினால் ஓட்டுநரின் முகத்தை எட்டிப் பார்த்து, இவன் நம்மிடம் படித்தவனோ என்று பதறவைக்கிற பயம். அந்தப் பயம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வருடம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம். என் தங்கை அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரே மகள், நான்கு வயது. எடை பதினான்கு கிலோ. வீட்டில் கூப்பிடுகிற பெயர் குண்டுமணி. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. அன்று லேசான காய்ச்சல் என்பதால் அவளை என்னிடம் விட்டுவிட்டுத் தங்கை வேலைக்குப் போயிருந்தாள். நான் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன்.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளையின் கையிலிருந்து பென்சில் விழுந்தது. எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கண் மேலே செருகிக்கொண்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வண்டியை எடுத்தார். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோதுதான் பார்த்தேன், பிள்ளையின் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. என் காலில் அதுவும் இல்லை.

குழந்தைகள் பிரிவு. எட்டுக் கட்டில்கள். பச்சைத் திரை. மருத்துவர் இளைஞர், பரபரப்பிலும் பதறாதவர். பிள்ளையை எடைபோட்டார், கையில் ஊசிக்குழாய் பொருத்தினார், பக்கத்தில் நின்ற செவிலியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி, "கிலோவுக்குப் புள்ளி ஒண்ணு மில்லிகிராம். பதினாலு கிலோ. மெதுவா போடுங்க" என்றார். அதற்குள் மூன்றாவது கட்டிலில் ஒரு குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது என்று அழைத்தார்கள். அவரும் மூத்த செவிலியரும் அங்கே ஓடினார்கள்.

மிச்சமிருந்த செவிலியர் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"மிஸ்" என்றாள்.

யார் தெரியுமா? என் மாணவி. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே பள்ளியில் படித்தவள். வகுப்பில் அவளுக்கு ரயில் என்று பட்டப்பெயர். வாய்ப்பாடோ சூத்திரமோ, ஆரம்பித்தால் எந்த நிலையத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பாள். கணக்கில் தொண்ணூற்றெட்டு. கேள்வித்தாள் தயாரித்தவள் நான், திருத்தியவள் நான், அந்தத் தொண்ணூற்றெட்டைப் போட்டு அடியில் கோடு கிழித்தவளும் நான்.

தாய்மார்களே, அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன உயிர் திரும்பி வந்தது. நம்ம பிள்ளை இருக்கிறாள், இனி என்ன கவலை என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் தன் உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதினாள். மருந்துக் குப்பியை எடுத்தாள். ஒரு மில்லியில் ஐந்து மில்லிகிராம் என்று குப்பியில் எழுதியிருந்தது. கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? பிள்ளை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு கிடக்க, என் மனம் இந்தப் பக்கம் கணக்குப் போட்டது. பதினான்கு கிலோவுக்கு ஒன்று புள்ளி நான்கு மில்லிகிராம். அதை ஐந்தால் வகுத்தால் புள்ளி இரண்டு எட்டு. அதாவது கால் மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல். ஐந்தாறு சொட்டு.

அவள் முதல் குப்பியை உடைத்தாள், முழுவதும் உறிஞ்சினாள். பிறகு இரண்டாவது குப்பியை உடைத்தாள்.

ஐந்தாறு சொட்டுக்கு இரண்டு குப்பி எதற்கு?

அவையோரே, அந்தக் கேள்வி என் நெஞ்சுக்குள் எழுந்தது, தொண்டை வரை வந்தது. வாய்க்கு வரவில்லை. ஏன் வரவில்லை? ஒன்று, நமக்கு மருத்துவம் தெரியாது, கேட்டால் திட்டுவார்களோ என்ற தயக்கம். இரண்டாவதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "இவள் தொண்ணூற்றெட்டு வாங்கியவள், தப்பாகப் போட மாட்டாள்" என்று நினைத்தேன். நான் போட்ட மதிப்பெண்ணை நானே நம்பினேன். நான் கட்டிய பொய் என் வாயையே கட்டிப்போட்டது.

மருந்து உள்ளே போகத் தொடங்கியது. வெட்டிக்கொண்டிருந்த கை அடங்கியது. நல்லது என்று நினைத்தேன். பிறகு அந்தக் கை கட்டில் விளிம்பிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது. தூங்குகிற கை அப்படித் தொங்காது. மார்பைப் பார்த்தேன். ஏறவில்லை. இறங்கவில்லை.

"எவ்வளவு போடற?" என்று கேட்டேன்.

"ரெண்டு புள்ளி எட்டு, மிஸ்."

"நிறுத்து. புள்ளி தப்பு. நிறுத்தும்மா."

அவள் கை நின்றது. உள்ளங்கையைப் பார்த்தாள். பேயறைந்தவள் போல நின்றாள். அதற்குள் ஒரு மில்லி போய்விட்டது. போக வேண்டியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

அப்புறம் நடந்ததை நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. ஆனால் தினமும் நினைக்கிறேன். ரயில் ஓடிப்போய் மூத்த செவிலியரை இழுத்து வந்தாள். பிள்ளையின் முகத்தில் முகமூடியை வைத்து, ரப்பர் பையை அழுத்தி அழுத்தி மூச்சைக் கொடுத்தார்கள். மூத்த செவிலியர் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. அவையோரே, எண்களைச் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவள் நான். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. நாற்பது நிமிடம். நான் சுவரோரம் வெறுங்காலோடு நின்றேன். தரை சில்லென்றிருந்தது. இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு இன்னும் தகவலே சொல்லவில்லை என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பிள்ளை பிழைத்தாளா என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்கிறார்கள். பிழைத்தாள், தாயே. சாயங்காலம் நாலரைக்குக் கண் விழித்தாள். என்னைப் பார்த்து, "பெரியம்மா, என் இன்னொரு செருப்பு எங்க?" என்று கேட்டாள். நான் அவள் காலைப் போர்வையால் மூடினேன். வாயைத் திறந்திருந்தால் அழுகைதான் வந்திருக்கும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன்.

தங்கை வந்தாள். நடந்ததைக் கேட்டாள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எங்களைத் தன் அறைக்கு அழைத்து ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "நடந்ததை எழுதிக் கொடுங்க டீச்சர். அந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிடறோம்" என்றார்.

"எழுதுக்கா" என்றாள் தங்கை. "என் பிள்ளைக்கு மூச்சு நின்னுடுச்சு. ஒரு எழுத்து விடாம எழுது."

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எழுதத்தான் வந்தேன். கோபம் எனக்கும் கொஞ்சமா இருந்தது? மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் ரயில். என்னைக் கண்டதும் எழுந்தாள். ஆறு வருடம் ஆகியும் என் முன்னால் உட்காரத் தெரியவில்லை அவளுக்கு.

"உனக்குச் சந்தேகம் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மிஸ்."

"அப்புறம் ஏன் யாரையும் கேக்கல?"

"கேட்டா, இதுகூடத் தெரியாம எப்படி இவ்வளவு மார்க் வாங்கினேன்னு கேப்பாங்களேன்னு பயம் மிஸ். தெனமும் பயம். வேலைக்கு வந்த நாள்லேருந்து பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுவேன். இன்னிக்குப் பக்கத்துல யாரும் இல்ல."

"வகுக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் மிஸ். வகுத்துட்டு புள்ளியை நகர்த்தணும்னு தெரியும். எந்தப் பக்கம் நகர்த்தறதுன்னுதான் எப்பவும் குழப்பம். ஏன் நகருதுன்னு தெரிஞ்சாத்தானே எங்க போகும்னு தெரியும்." பிறகு சொன்னாள்: "ஒன்பதாவதுல ஒருநாள் கேட்டேன் மிஸ், புள்ளி ஏன் நகருதுன்னு. ஏன்னு எல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்க, நகர்த்துன்னா நகர்த்து, உக்காருன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல."

பெரியோர்களே, நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னதற்காக மட்டுமா? இல்லை. எனக்கு அது நினைவே இல்லை. எந்த நாள், எந்த வகுப்பு, அவள் எந்த வரிசையில் நின்றாள், ஒன்றும் நினைவில்லை. ஒரு பிள்ளையின் வாயை ஆயுளுக்கும் அடைத்துவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன். அப்படியானால் இன்னும் எத்தனை பேரை உட்காரச் சொன்னேன்? அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள்? யாருடைய நரம்பில் ஊசி ஏற்றுகிறார்கள்? எந்தப் பாலத்துக்கு எத்தனை கம்பி என்று எழுதுகிறார்கள்? எந்த மின்தூக்கியின் கயிறு எவ்வளவு தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிறார்கள்? பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் அவர்களுக்கும் வருமே, அப்போது என்ன செய்வார்கள்?

இதுதான் ஐயா என் பயம். எழுதக் கற்றுக்கொடுத்தோம், எண்ணக் கற்றுக்கொடுத்தோம், எதற்காக என்று கேட்டால் எரிச்சல்பட்டோம். வினாவுக்கு விடை சொன்னோம், வினவியவனை விரட்டினோம்.

அந்தத் தாளில் எழுதினேன். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை. தப்பு தப்புதான், ஒரு குழந்தையின் மூச்சு நின்றிருக்கிறது. கடைசியில் இதையும் எழுதினேன்: "இவளுக்குத் தசமக் கணக்குக் கற்பித்தவள் நான். புரியவில்லை என்று கேட்டபோது உட்காரச் சொன்னவளும், புரிந்துவிட்டது என்று தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டுச் சான்று கொடுத்தவளும் நானே. விசாரணை என்றால் என்னையும் சேர்த்து விசாரியுங்கள்."

கண்காணிப்பாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை வச்சுக்கிட்டு நான் என்ன டீச்சர் பண்றது?" என்றார்.

"ஃபைல்ல வைங்க சார். எனக்கும் ஒரு ஃபைல் இருக்கட்டும்" என்றேன்.

அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நோயாளிகளைத் தொடவிடாமல் ஆறு மாதம் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊசி மருந்தை இருவர் பார்த்துச் சொன்ன பிறகே போட வேண்டும் என்று அந்தப் பிரிவில் எழுதி ஒட்டினார்கள். என் தங்கை நான்கு மாதம் என்னிடம் பேசவில்லை. "அவளுக்காக எழுதின. என் பிள்ளைக்காக என்னக்கா எழுதின?" என்று கேட்டாள். இப்போது பேசுகிறாள். ஆனால் பிள்ளையை என்னிடம் விட்டுப் போகும்போது வாசலில் ஒரு நொடி நிற்கிறாள். நிற்கட்டும். அவளுக்கு உரிமை இருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பி வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அதே கணக்கைத் தாளில் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பேர் சரி. மறுநாள் சாயத் தண்ணீரும் அளவுக் கோடு போட்ட ஊசிக்குழலும் கொடுத்து, இப்போது எடுத்துக் காட்டுங்கள் என்றேன். ஆறு பேர் சரி. முப்பத்தெட்டு எங்கே, ஆறு எங்கே? பரீட்சைக் கூடத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் விழுந்துகிடந்த அந்த முப்பத்திரண்டு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்? இதோ, இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

"மார்க் குறைஞ்சா காலேஜ்ல யார் மேடம் சேர்த்துப்பாங்க?" என்று அங்கிருந்து ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. எழுந்து நின்று கேட்டீர்களே, அதற்கே நன்றி. மார்க் வேண்டாம் என்று நான் சொன்னால் என்னைவிடப் பெரிய பொய்க்காரி இருக்க முடியாது. வேண்டும் ஐயா. கல்லூரி வாசலைத் திறக்க அது வேண்டும். ஆனால் வாசலுக்கு அப்பால் அவன் நாற்பது வருடம் நடக்க வேண்டுமே, அதற்கு என்ன கொடுத்து அனுப்புகிறோம்? மார்க் குறைந்துவிடுமோ என்று உங்களுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதைவிடப் பெரிய பயம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதனால் சின்னப் பயத்துக்கு முன்னால் இப்போது மண்டியிட முடியவில்லை.

மறுபயிற்சி முடிந்து ரயில் மீண்டும் வேலைக்குப் போகிறாள். வாரம் ஒருநாள், பணி முடிந்து நேரே நம் பள்ளிக்கு வருகிறாள். நான் கூப்பிட்டதற்கு முதலில் மறுத்தாள். "என்ன சொல்லிக் குடுப்பேன் மிஸ், நான் பண்ணின தப்பையா?" என்றாள். ஆமாம், அதைத்தான் என்றேன். வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் நடுவில் தரையில் உட்கார்ந்து, பத்துக் குவளைத் தண்ணீரை வைத்து, ஒன்றைப் பத்தாகப் பிரித்துக் காட்டி, புள்ளி ஏன் நகர்கிறது என்று சொல்லித் தருகிறாள். மின்பணியாளர் ஒருவர் வருகிறார். கொத்தனார் ஒருவர் வந்து செங்கல்லோடு விகிதம் சொல்லித் தருகிறார். பாடத்திட்டம் பிந்துகிறது என்று தலைமையாசிரியர் என்னை இருமுறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அவரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயா முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம், உண்மையைத்தானே சொல்கிறேன்.

போன வாரம் அந்த வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. தேர்வுக்குத் தேர்வு நூறு வாங்குகிறவள், இன்றும் முன்வரிசையில் பரிசுக்காக உட்கார்ந்திருக்கிறாள். ஊசிக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, எல்லோர் முன்னாலும், "எனக்குத் தெரியல மிஸ்" என்றாள்.

நாற்பத்தொரு பேர் இருந்த வகுப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ சரியான விடைகளைக் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி உலுக்கியதில்லை. தெரியவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளை கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்ட பிள்ளையின் கையில் என் உயிரைக் கொடுப்பேன், உங்கள் உயிரையும் கொடுக்கச் சொல்வேன். அந்தச் சொல்லைச் சொல்ல அஞ்சுகிற பிள்ளை ஆயிரம் பட்டம் வாங்கினாலும், அவன் கை பட்ட இடத்தை நினைத்து நான் அஞ்சுவேன்.

ஆசிரியத் தோழர்களே, நாளைக் காலை ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும். பாடம் முடிந்திருக்காது. அது ஏதோ ஒன்றைக் கேட்கும். உட்கார் என்ற சொல் உங்கள் நாக்கு நுனிக்கு வரும். அந்த நேரத்தில் உங்களுக்குப் பயம் வரட்டும். பெற்றோர்களே, புரியவில்லை என்று வீட்டில் பிள்ளை அழும்போது, எப்படியாவது மனப்பாடம் பண்ணிவிடு என்று சொல்ல வாயெடுப்பீர்கள். அப்போது உங்களுக்கும் பயம் வரட்டும். தைரியமாக இருங்கள் என்று சொல்லித்தான் மேடைப்பேச்சை முடிப்பார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குறுக்கே கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கும், மணி அடிக்காமல் விட்ட தலைமையாசிரியர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பரிசு வாங்கப்போகிற பிள்ளைகளுக்கும் வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரே அளவு அன்பு. எல்லோருக்கும் வணக்கம்.